காசு போடுறவர் எல்லாம் தயாரிப்பாளரா? ஏவிஎம் சரவணன்ட கதை

வணக்கம் எல்லாருக்கும். கல்லடிக் கடற்கரையில நிண்டுதான் கதைக்கன். காத்துச் சத்தம் மைக்ல விழும், பொறுத்துக்கங்க. வீட்டுக்குள்ள இரிந்து கதைச்சா பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் இதவிட மோசம்.

குறும்படம் எடுக்கிற தம்பிமார் கன பேர் என்னட்ட கேக்கிறது ஒரே கேள்வி. "அண்ண, தயாரிப்பாளர எங்க தேடுற?" தம்பி, நீங்க தேடுறது காசு. தயாரிப்பாளர் எண்டுறவர் வேற ஆள்.

மட்டக்களப்புல எப்புடி நடக்கு? சுவிஸ்ல இரிக்கிற மாமா, கனடால இரிக்கிற அத்தான், அவங்க காசு அனுப்புவாங்க. டைட்டில்ல அவங்கட பேர் டைரக்டர்ட பேர விடப் பெருசு. ஆனா படத்த அவங்க பாக்கிறதே யூடியூப்ல ஏறினதுக்குப் பிறகுதான். ஷூட்டிங்ல டைரக்டர்ட ஒரு கையில சீன் பேப்பர், மற்றக் கையில சோத்துப் பார்சல் பில். காலையில எடுத்த சீன் சரியில்ல எண்டு அவருக்கே தெரியும். திருப்பி எடுக்கச் சொல்ல ஆள் இல்ல. "விடு மச்சான், எடிட்டிங்ல பாப்பம்." நான் கலியாண வீடியோ வெட்டுற ஆள், சொல்றன் கேளுங்க: எடிட்டிங்ல ஒண்டும் பாக்க ஏலாது.

இப்ப சென்னையில ஏவிஎம் ஸ்டூடியோவ நடத்தின ஏவிஎம் சரவணன எடுத்துக்கங்க. எந்த நேரமும் வெள்ளை உடுப்போட, கையக் கட்டிக்கிட்டு நிப்பாரே, அவர்தான். அவர்ட கதைக்கு அவர்ட அப்பப்பால இரிந்து வரோணும். காரைக்குடியில ஆவிச்சிச் செட்டியார் ஒரு கடை வச்சிருந்தார். மகன் மெய்யப்பன் அந்தக் கடையில கிராமபோன் இசைத்தட்டு விக்கத் தொடங்கினார். எந்தப் பாட்டு ஓடும், எது தூசி புடிச்சுக் கிடக்கும் எண்டு கல்லாவுல இரிந்து பழகின மனிசன். மறுகா படம் எடுக்கப் போனார்.

1945ல 'ஸ்ரீவள்ளி'. அதுல நடிச்ச ருக்மிணிட பாட்டு அவருக்குத் திருப்தி இல்ல. சும்மா விட்டாரா? பெரியநாயகிய வச்சுப் பாட வச்சு, அந்தக் குரலப் படத்துல சேர்த்தார். 1960ல 'களத்தூர் கண்ணம்மா', கமல் சின்னப் பொடியனா வந்த படம். பிரகாஷ் ராவ் தொடங்கினார், பீம்சிங் முடிச்சார். பாதிப் படத்துல டைரக்டர் மாறுறது எண்டா எவ்வளவு தலையிடி, எவ்வளவு காசு! இதெல்லாத்தையும் பாத்துக்கிட்டு வளர்ந்தவங்கதான் சரவணனும் அவர்ட சகோதரங்களும்.

அப்பா கணக்குத் தப்பினதும் இரிக்கி. 1952ல 'பராசக்தி'. இந்தப் புதுப் பொடியன் ஒல்லியா இரிக்கான், வேற ஆளப் போடுவம் எண்டு மெய்யப்பன் நினைச்சாராம். படத்தச் சேர்ந்து தயாரிச்ச பி.ஏ. பெருமாள் விடவே இல்லயாம். அந்த ஒல்லிப் பொடியன்தான் சிவாஜி கணேசன். எனக்கு இந்தக் கதையில புடிச்சது பெருமாள்தான். ஓம் எண்டு சொல்றதுக்கும் ஒரு தயாரிப்பாளர் வேணும்.

1979ல மெய்யப்பன் காலமாகிட்டார். ஆக்கள் என்ன நினைச்சிருப்பாங்க? ஸ்டூடியோவ வாடகைக்கு விட்டுட்டு மகன்மார் சும்மா இரிப்பாங்க எண்டுதானே. அடுத்த வருசமே ரஜினிய வச்சு 'முரட்டுக்காளை', 1982ல கமல வச்சு 'சகலகலா வல்லவன்', ரெண்டுக்கும் டைரக்டர் எஸ்.பி. முத்துராமன். நியூ இயர் பொறந்தா எங்கட லவுட்ஸ்பீக்கர்ல இண்டைக்கும் 'சகலகலா வல்லவன்' பாட்டுத்தான்.

ஆனா சரவணன் எப்புடிப்பட்ட ஆள் எண்டு தெரியணும் எண்டா 1986க்கு வாங்க, விசுட 'சம்சாரம் அது மின்சாரம்'. கனக்க ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கிற கதை. அப்பன், மகன், மருமகள், காசுச் சண்டை, வீட்டுக்கு நடுவுல கோடு. கதை நல்லம், ஆனா இறுக்கமா இரிக்கி, சிரிக்க இடம் வேணும் எண்டு சரவணன் சொன்னாராம். அப்புடித்தான் மனோரமாட கண்ணம்மா கதைக்குள்ள வந்தாவாம். அந்த வீட்டு மகள் சரோஜினிட மாமனார் வீட்டுக்குப் போய் மனோரமா சத்தம் போடுற சீன் எங்கட வீட்டுல எல்லாருக்கும் பாடம். யோசிச்சுப் பாருங்க, அவர் கதை எழுதல்ல, நடிக்கல்ல, கமராவத் தொடவும் இல்ல. ஸ்கிரிப்டக் கேட்டுட்டு, இதுல ஒண்டு குறையுது எண்டு சொன்னார். படத்துக்குத் தேசிய விருதும் கிடைச்சுது.

2007ல மகன் குகனோட சேர்ந்து, ஷங்கர் டைரக்‌ஷன்ல 'சிவாஜி'. அது பெரிய காசு, பெரிய சத்தம், அதப் பத்திச் சொல்ல ஆக்கள் கனபேர் இரிக்காங்க. குகன்ட மகள்மார் வெப் சீரிஸ் வரைக்கும் வந்திட்டாங்க. மெய்யப்பன்ல இரிந்து எண்ணினா நாலாவது தலைமுறை.

"அண்ண, அது சினிமாக் குடும்பம், எங்களுக்கு எங்க?" எண்டு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பாலு மகேந்திரா எங்கட அமிர்தகழிப் பொடியன். அவரும் கமராவத் தூக்கிக்கிட்டு இந்தியா போகத்தான் வேணும் எண்டு இரிந்திச்சி. இலங்கையில தமிழ்த் தயாரிப்பாளர் இல்லாமலும் இல்ல. கே. குணரத்தினம் எண்டு ஒருத்தர், சிங்களப் படங்களுக்கே பெரிய முதலாளி, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ்ட 'சந்தேசய' அவர்ட தயாரிப்பு. ஹெந்தலையில விஜயா ஸ்டூடியோ வச்சிருந்தார். 1983 ஜூலைக் கலவரத்துல அத எரிச்சாங்க. சென்னை வடபழனியில ஏவிஎம் நாலு தலைமுறைக்கு நிண்ட மாதிரி ஒரு ஸ்டூடியோ இஞ்சயும் நிண்டிருந்தா, இண்டைக்கு எங்கட பொடியனுகள் ஆரட்டையும் போய்க் கேட்டுப் பழகியிருக்கலாம். இந்தக் கதைய நாம கூடக் கதைக்கிறதில்ல, அது எனக்குக் கோபம்தான்.

சரி, இப்ப என்ன செய்ற? உங்கட கூட்டத்துல நடிக்காத, டைரக்ட் பண்ணாத ஒருத்தரப் புடிங்க. கணக்குக் கொப்பிய அவர்ட கையில குடுங்க. ஷூட்டிங்குக்கு முதல் முழு ஸ்கிரிப்டயும் அவருக்கு வாசிச்சுக் காட்டுங்க. மாமா அனுப்புற காசுல ஒரு பங்க, திருப்பி எடுக்கிறதுக்கு எண்டே தொடாம ஒதுக்கி வைங்க. "இந்த சீன் சரியில்ல" எண்டு அவர் சொன்னா, டைரக்டர் கோவிக்கக் கூடாது. கோவிப்பார். பரவாயில்ல, பின்னேரம் ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடுங்க.

அப்புடி ஒருத்தர் உங்கட டீம்ல ஏற்கனவே இரிந்தா, கீழ கொமண்ட்ல சொல்லுங்க. அவரக் கூட்டிக்கிட்டு வாங்க, ஒரு வீடியோ முழுக்க கணக்குக் கொப்பியப் பத்தியே கதைப்பம். மழை இருட்டுது, கமராவ மூடுறன், வாறன்.