சண்டை முடிஞ்சப்புறம் ரிச்சர்ட் ஷார்ப் என்ன ஆனான்?

ஷார்ப் கதைய சொல்ற எல்லாரும் 1815 ஜூன் 18, நெப்போலியன் தோத்த வாட்டர்லூ போரோட நிறுத்திடுறாங்க. அதுக்கப்புறம் அந்த ஆளு எங்க போனான், எப்படி பொழைச்சான்னு யாரும் பேசுறதில்ல, எனக்கு என்னவோ அதுதான் பிடிச்ச பகுதி.

தெரியாதவங்களுக்காக சட்டுனு சொல்லிடுறேன். பெர்னார்ட் கார்ன்வெல் நாவல்களோட ஹீரோ, லண்டன்ல வளந்த அனாதைப் பய, சாதா சிப்பாயா பிரிட்டிஷ் பட்டாளத்துல சேந்தவன். 1799ல ஸ்ரீரங்கப்பட்டினத்துல திப்பு சுல்தானைக் கொன்ன சிப்பாய் யாருன்னு வரலாற்றுல உறுதியா தெரியாதில்லையா, கார்ன்வெல் அந்த இடத்துல நைசா ஷார்ப்பை நுழைச்சுட்டாரு, திப்பு போட்டிருந்த நகையையும் இவனே உருவிக்கிறான். 1803 அசாயி போர்ல பிரிட்டிஷ் தளபதி வெல்லெஸ்லி உயிரைக் காப்பாத்தி ஆபீசராவும் ஆயிட்டான்.

பிரச்சனை என்னன்னா, கூட இருந்த ஆபீசருங்க நெறைய பேரு காசு குடுத்து பதவி வாங்கினவங்க, சண்டை முடிஞ்சா அவங்களுக்கு வீடு வாசல்னு இருக்கு. இவனுக்கு? பொண்டாட்டி ஜேன், இவன் கொள்ளையடிச்சு சேத்ததை மொத்தமா சுருட்டிக்கிட்டு ஒரு பிரபு கூட போயிட்டா.

அதனால எங்க போய் ஒக்காந்தான் தெரியுமா, பிரான்ஸ்ல! நார்மண்டியில லூசில்ங்கிற விதவையோட பழைய பண்ணை வீட்டுல. தன் கூடப் பொறந்தவனைக் கொன்னது இவன்தான்னு தப்பா நெனச்சு மொத சந்திப்புலயே இவனைச் சுட்டவ அவ. இப்படியும் ஒரு குடும்பம் அமையுது பாருங்க.

டிவில சீன் பீன் நடிச்சதை பாத்தவங்க, வாட்டர்லூக்கு அப்புறம் இந்தியா வர்றானேன்னு கேப்பீங்க. அது டிவிக்காக வரிசைய மாத்தினது, நாவல்ல இந்தியாதான் முதல்ல.

நாவல்ல வாட்டர்லூக்கு அஞ்சு வருஷம் கழிச்சு பழைய நண்பன் காணாம போனதைத் தேடி சிலி கெளம்புறான். கூட பழைய பட்டாளத்துக் கூட்டாளி ஹார்ப்பர், அவன் டப்ளின்ல சாராயக்கடை வச்சு நல்லா தொப்பை போட்டுட்டான். போற வழியில செயின்ட் ஹெலினா தீவு, அங்க கைதியா இருக்கிற நெப்போலியனைப் பாக்குறாங்க. ஆயுசு பூரா யாருக்கு எதிரா சண்டை போட்டானோ அவரு முன்னாடி நின்னு பேசுறான், அவரும் சிலியில ஒருத்தர்கிட்ட குடுக்கச் சொல்லி தன் படத்தைக் குடுத்து விடுறாரு, அந்த ஃபிரேமுக்குள்ள ரகசியச் செய்தி ஒளிஞ்சிருக்கு. அட, கடைசி வரைக்கும் அந்த மனுஷன் இவனை ஏமாத்துறாரு.

லூசிலுக்கும் இவனுக்கும் பொறந்த பையன் பேட்ரிக், அம்மா வீட்டுப் பேரான லஸ்ஸானோட வளந்தவன். கார்ன்வெல்லோட அமெரிக்க உள்நாட்டுப் போர் நாவல்கள்ல அவனும் வர்றான், சண்டைய வேடிக்கை பாக்க வந்த ராணுவ கர்னலா, பிரெஞ்சு யூனிபார்ம்ல.