மறைவூருக்கு உப்பு எந்த வழியாக வருகிறது?

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி இந்த அரங்கைக் கட்டிப்போட்டுவிட்டுச் சென்ற பேராசிரியர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பதிப்பாளர் பெருமக்களே, எத்தனையோ கதைகளுக்கு முகம் வரைந்து கொடுத்த ஓவியர் ஐயா அவர்களே, இந்தக் கூட்டத்துக்கு இடமும் கொடுத்து, நாற்காலி போடுவதிலிருந்து ஒலிபெருக்கி வரை தாமே முன்நின்று கவனித்த நூலகர் அவர்களே, குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் இளம் எழுத்தாளர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் அது முறையாகாது. கற்பனைக் கதை என்றாலே சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவைத்த காலத்திலேயே, வாராவாரம் இளைஞர்களைக் கூட்டி வைத்து எழுதச் சொன்னவர் அவர். அவர் திருத்திக் கொடுத்த கையெழுத்துப் படிகளை இன்றும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இந்த அரங்கிலேயே பலர் இருக்கிறீர்கள். பேராசிரியர் அம்மையார் பாத்திரப் படைப்பைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டதால் அந்தப் பக்கம் நான் போகப்போவதில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு, மலைகள் சூழ்ந்த ஒரு நிஞ்சா நாட்டையும், அதாவது பழைய ஜப்பானின் ஒற்றர்களான நிஞ்சாக்களைப் போன்றவர்கள் வாழும் நாட்டையும், பகைவர் கண்ணில் படாத அதன் மறைவூரையும் கற்பனையில் கட்டியெழுப்புவது எப்படி என்பது. நான்கு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். அந்த ஊர் எதைத் தின்று உயிர் வாழ்கிறது? எப்படி மறைந்திருக்கிறது? அதை ஆள்வது யார்? நான்காவது, அந்த ஊரின் குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள்?

போட்டிக்கு வந்த கதைகளைப் படித்தேன். எல்லாவற்றிலும் மறைவூர் இருந்தது. நிழலில் கரைகிற வித்தை இருந்தது, புகையாக மறைகிற வித்தை இருந்தது, ஐந்து பூதங்களையும் ஏவல் கொள்கிற வித்தை இருந்தது. ஆனால் ஒரு கதையிலும் யாரும் சமைக்கவில்லை. ஆயிரம் பேர் வாழ்கிற ஊர், சுற்றிலும் செங்குத்தான பாறை, நான்கு மாதம் பனி. அந்த ஆயிரம் பேருக்கும் உப்பு எங்கிருந்து வந்தது? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். உப்பில்லா ஊரும் அப்படித்தான்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. ஜப்பானில் பாறை உப்பு கிடையாது. கடல்நீரைக் காய்ச்சித்தான் உப்பு எடுத்தார்கள். நாட்டின் பெரும்பகுதியோ மலை. ஆகவே கடற்கரை இல்லாத மலைநாட்டுப் பிரபு எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும், அவனுடைய கழுத்து கடற்கரைக்காரன் கையில் இருந்தது. இதற்கு ஒரு கதை உண்டு. கொஞ்சம் நீளமான கதை, பொறுத்தருள வேண்டும்.

16ஆம் நூற்றாண்டு. தகேதா ஷிங்கென் என்றொரு பெருந்தலைவன். காய், ஷினானோ என்ற இரண்டு மலைநாடுகளும் அவன் கையில். இரண்டுக்கும் கடல் இல்லை. வடக்கே எச்சிகோ நாட்டில் உஎசுகி கென்ஷின். இருவரும் பரம வைரிகள். கவானகாஜிமா என்ற ஆற்றுவெளியில் 1553 முதல் 1564 வரை ஐந்து முறை மோதினார்கள். ஒருவராலும் மற்றவரை வீழ்த்த முடியவில்லை. தெற்கே கடற்கரையை ஆண்டவர்கள் இமாகவா குடும்பத்தார். அவர்களோடு ஷிங்கெனுக்கு இருந்த கூட்டணி முறிகிறது. அவர்கள் படை திரட்டவில்லை, வாள் உருவவில்லை. 1567இல் ஒரே ஒரு உத்தரவு போட்டார்கள்: மலைக்கு உப்பு போகக்கூடாது. கிழக்கே ஹோஜோ குடும்பத்தாரும் அதற்கு உடன்பட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த மலைநாட்டில் காய்கறியை உப்பில் ஊறப்போட்டுத்தான் குளிர்காலத்தைக் கடத்த வேண்டும். சோயா விழுதுக்கு உப்பு வேண்டும், மீன் கெடாமலிருக்க உப்பு வேண்டும். அடுத்த பனிக்காலத்தை நினைத்து ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் ஜாடியைத் திறந்து பார்த்திருப்பார்கள். ஐந்து போரில் அசையாத ஷிங்கெனின் நாடு அந்த ஜாடிக்குள் ஆடிப்போயிற்று.

இப்போது எல்லோர் கண்ணும் வடக்கே திரும்புகிறது. கென்ஷினும் வழியை அடைத்துவிட்டால் தகேதா கதை முடிந்தது. அடைத்திருந்தால் யார் அவனைக் குறை சொல்லியிருப்பார்கள்? கென்ஷின் அடைக்கவில்லை. நான் போரிடுவது வாளால், உப்பால் அல்ல என்று சொல்லியனுப்பி, தன் வியாபாரிகள் வழக்கமான விலைக்கே உப்பு விற்கும்படி விட்டான் என்று ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நன்றிக்கடனாக ஷிங்கென் ஒரு வாளை அனுப்பினான் என்பதும் மரபு. உப்பைக் கென்ஷின் பரிசாக அனுப்பவில்லை, வியாபாரத்தைத் தடுக்காமல் விட்டான், அவ்வளவுதான் என்று வரலாற்றாசிரியர்கள் நிதானமாகச் சொல்வார்கள். எனக்கு அதுவே போதும். உப்பு வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் மட்சுமோட்டோ நகரில் அந்த நினைவாக ஆண்டுதோறும் சந்தை கூடுகிறது.

அந்த உப்பு வந்த வழியைத்தான் இளம் எழுத்தாளர்கள் உற்றுப் பார்க்க வேண்டும். கடலோர இட்டோய்கவாவிலிருந்து மட்சுமோட்டோவுக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் மலைப்பாதை. கோடையில் எருதுகள் மேல் மூட்டை ஏறும். வழியில் எருதோட்டிகள் தங்கும் ஒரு பழைய வீட்டை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கீழே எருதுகள், மேலே பரண் போல ஓர் அடுக்கு. எருதோட்டி அந்தப் பரணில் படுத்துக்கொண்டே தன் மாடு அசை போடுகிறதா, கால் நொண்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் உப்புக் கிடங்கு. உப்புக்காற்று இரும்பை அரித்துவிடும் என்பதால் ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் பூட்டிக் கட்டியது. பனி விழுந்ததும் எருது ஏறாது. அப்போது மனிதர்கள் முதுகில் சுமந்து போனார்கள்.

தம்பிமார்களே, தங்கைமார்களே, உங்கள் நிஞ்சா அங்கேதான் பிறக்கிறான்! பனிக்காலத்தில் எல்லாப் பாதையும் அடைபட்டபின், யார் எங்கே போகிறார் என்று கேட்க ஆளில்லாத நேரத்தில், கணவாயைத் தாண்டுகிற உரிமையும் கால்பழக்கமும் உள்ளவன் யார்? உப்பு சுமப்பவன். எந்தப் பாறை வழுக்கும், எந்தக் காவலன் தூங்குவான், எந்த வீட்டில் புதிதாகப் படை வந்து தங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். நிஞ்சாக்களுக்குப் பேர்போன இகா என்ற மலைப்பகுதியின் மரபு உத்திகளையெல்லாம் 1676இல் தொகுத்தபோது, ஒளிந்து நுழைவது ஒரு வகை, வேடமிட்டு எல்லோர் கண்முன்னாலும் நுழைவது இன்னொரு வகை என்று பிரித்தே எழுதினார்கள். துறவி, வணிகர், கழைக்கூத்தாடி என்று வேடங்களுக்குப் பட்டியலும் அந்தக் காலத்து ஏடுகளில் உண்டு. சுமைகூலி வேடம் உங்கள் நாட்டுக்கு நீங்கள் சேர்க்க வேண்டியது.

ஒரு நாட்டைக் கற்பித்துப் பார்ப்போம். ஏழ்குவடு நாடு என்று வைத்துக்கொள்வோம். அதன் மறைவூர் மறைச்சுனை. கிழக்கே கடலரசு. நடுவில் ஒரே கணவாய். கடலரசன் பத்து ஆண்டாக மறைச்சுனையைத் தேடுகிறான். ஒற்றர்களை அனுப்புகிறான், ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் ஊரைக் காட்டிக்கொடுப்பது யார் தெரியுமா? கணவாயடிச் சுங்கச்சாவடியில் உட்கார்ந்து மூட்டை எண்ணுகிற ஒரு கணக்குப்பிள்ளை. மலைமேல் தெரிந்த ஊர்கள் இத்தனை, அவற்றில் தலைகள் இத்தனை, அவர்கள் தின்னக்கூடிய உப்பு இவ்வளவு. ஆனால் ஏறுகிற உப்பு அதைவிட அதிகம். மிச்ச உப்பைத் தின்பவர்கள் யார்? அந்த ஒரு கேள்வியில் உங்கள் கதை தொடங்கிவிட்டது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. உப்புள்ள ஊரோ கணக்கில் அகப்பட்டுக்கொள்ளும். இந்த இருதலைக்கொள்ளி நிலைதான் மறைவூர்.

இரண்டாவது செய்தி, மறைவு. ஓர் ஊர் மறைந்திருக்க வேண்டுமானால் அதை மறைத்து வைப்பதில் யாருக்காவது லாபம் இருக்க வேண்டும். ஜப்பானின் கொகாயாமா பள்ளத்தாக்கைப் பாருங்கள். வானத்தை நோக்கிக் கும்பிட்ட கைகளைப் போலச் செங்குத்தான கூரை வேய்ந்த வீடுகள்; 1995இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். சுற்றுலாப் பயணிகள் கூரையைப் படம் பிடிக்கிறார்கள். ரகசியம் தரைக்குக் கீழே இருந்தது. அடுப்புக்குழியை ஒட்டித் தரையைத் தோண்டி, வயல் மண், பட்டுப்புழு எச்சம், மாசிப்பச்சை இனத்துக் காட்டுச்செடி, சிறுநீர் என்று அடுக்கடுக்காகப் போட்டு மூடிவிடுவார்கள். அடுப்பின் சூடு மேலேயிருந்து இறங்கும். அவ்வப்போது கிளறிவிட்டு நான்கைந்து ஆண்டு பொறுத்திருந்தால் மண்ணில் வெடியுப்பு ஊறியிருக்கும். அதைக் கரைத்து வடித்துக் காய்ச்சினால் துப்பாக்கி மருந்துக்கு மூலப்பொருள். ககா நாட்டை ஆண்ட மயேதா குடும்பத்தார் அதை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கு நாடு கடத்தப்பட்டவர்களை அடைத்து வைக்கும் இடமாகவும் இருந்ததால் ஆற்றுக்குப் பாலம் கட்ட விடவில்லை. கயிற்றில் தொங்கும் கூடையில் உட்கார்ந்துதான் ஊரார் ஆற்றைக் கடந்தார்கள்.

கவனித்தீர்களா? கதையில் நாம் மந்திரத் திரை போட்டு மறைக்கிறோம். அங்கே ஒரு பாலத்தைக் கட்டாமல் விட்டே மறைத்துவிட்டார்கள்! உப்பு உள்ளே போகிறது, வெடியுப்பு வெளியே வருகிறது. அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஏழ்குவடு நாட்டின் நூறு ஆண்டு அரசியலை எழுதிவிடலாம். ஷிகொக்குத் தீவின் இயா பள்ளத்தாக்கில் காட்டுக்கொடியால் முறுக்கிய தொங்குபாலம் இருக்கிறது. 45 மீட்டர் நீளம். மூன்று ஆண்டுக்கொருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். பகைவன் வந்தால் கொடியை வெட்டிவிடலாம் என்று அப்படிக் கட்டியதாகச் சொல்வார்கள். உங்கள் ஊரின் பாலம் எதனால் ஆனது, அதை வெட்டும் அதிகாரம் யாருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, ஆட்சி. இகாவும் கோகாவும் பக்கத்துப் பக்கத்து மலைப்பகுதிகள். அங்கே மலையுச்சியில் ஒற்றைத் தலைவன் உட்கார்ந்து ஆளவில்லை. சிறு நிலக்கிழார்கள் ஒன்றுகூடிச் சட்டம் எழுதி வைத்துக்கொண்டு ஆண்டார்கள். இகாவின் சட்டத்தில், பகைவன் நுழைந்தால் ஊர்தோறும் மணி அடிக்க வேண்டும், 17 வயது முதல் 50 வயது வரை உள்ளவர்கள் போருக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. 1579இல், அந்தக் காலத்துப் பெரும்படைத் தலைவன் ஓடா நொபுநாகாவின் மகன் தந்தையைக் கேட்காமல் படையெடுத்துப் போய்த் தோற்றான். 1581இல் நொபுநாகாவே ஏவிய பெரும்படை பல கணவாய்கள் வழியாக ஒரே நேரத்தில் நுழைந்தபோது இகா எரிந்தது. ஏன் முதல் முறை முடியாதது இரண்டாம் முறை முடிந்தது? நிலப்படத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் புரியும். எல்லாக் கணவாயும் ஒரே நேரத்தில் அடைபட்டால், மணி அடித்து என்ன பயன்? எந்தப் பக்கம் ஓடுவது?

நிலப்படம் என்றேன். இந்த மேடைக்கு நான் வந்ததே அதற்காகத்தான். குழந்தைகளைப் பற்றிய நான்காவது செய்தி பெரிய செய்தி. அதற்குத் தனிக் கூட்டமே வேண்டும்.

பதிப்பாளர் பெருமக்களே, உங்களிடம் நான் உரிமையோடு கேட்கிறேன். கற்பனை நாட்டுக் கதை என்று வெளியிடுகிறீர்கள். அட்டையில் வாள் இருக்கிறது, முகமூடி இருக்கிறது. உள்ளே முதல் பக்கத்தில் ஒரு நிலப்படம் ஏன் இல்லை? வாசகன் பக்கத்தைத் திருப்பித் திருப்பி, கணவாய் எங்கே, ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தேடிக் களைத்துப் போகிறான். படம் போட்டால் செலவு என்கிறீர்கள். படம் போட்டால் எழுத்தாளன் தப்பு செய்ய முடியாது. காலையில் கிளம்பிய குதிரை மூன்று மலை தாண்டி மதியத்துக்குள் போய்ச் சேராது. ஆறு மேடேறி ஓடாது. உப்பு வழி கோடாக விழுந்துவிட்டால் ஊர் எங்கே இருக்க முடியும் என்பது தானாகவே தெரிந்துவிடும். நிலப்படம் இல்லாத கற்பனை நாடும் உப்பில்லாப் பண்டம்தான் ஐயா.

படம் போடுகிற ஒரு சில பேரும் என்ன செய்கிறார்கள்? படம் வரைந்தவர் பெயரைப் போடுவதில்லை. அச்சகத்தின் பெயர் இருக்கிறது, தட்டச்சு செய்தவர் பெயர்கூட இருக்கிறது, மலையையும் ஆற்றையும் ஒரு வாரம் உட்கார்ந்து கோடு கோடாக இழைத்தவர் பெயர் இல்லை. மறுபதிப்பு வந்தால் அவருக்கு ஒரு காசு போவதில்லை. ஓவியர் ஐயா இங்கே அமைதியாக அமர்ந்திருக்கிறார். அவர் கேட்க மாட்டார். அவர் சார்பில் நான் கேட்கிறேன். நிலப்படம் வரைந்தவர் பெயர் எழுத்தாளர் பெயர் வரும் அதே பக்கத்தில் வரட்டும். ஒவ்வொரு பதிப்புக்கும் அவருக்கு உரிய பங்கு, கையெழுத்திட்ட ஒப்பந்தமாகப் போகட்டும்.

நூலகர் அவர்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். சமவுயரக் கோடு போட்ட மலைப்பகுதி நிலப்படங்களை இனி உள்ளறையில் பூட்டி வைக்காமல், வாசிப்பு மேசையில் விரித்துப் பார்க்கத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமவெளி. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு எந்தக் கணவாயைப் பத்துப் பேர் காக்க முடியும் என்று சொல்லிவிட முடியும். இளம் எழுத்தாளர்கள் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த போட்டிக்குக் கதை அனுப்பும்போது ஒரு தாளில் நாட்டின் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். உப்பு வரும் வழியைச் சிவப்பு மையில் காட்டுங்கள். தலைவர் அவர்கள் இசைந்தால், படம் இணைக்காத கதையைத் தேர்வுக்கே எடுப்பதில்லை என்று விதியில் சேர்த்துவிடலாம் என்பது என் வேண்டுகோள். பதிப்பாளர்கள் கையெழுத்திடுவதற்காக ஒப்பந்த மாதிரி ஒன்றையும் எழுதி எடுத்து வந்திருக்கிறேன். வாசலருகே இருக்கும் மேசையில் வைத்திருக்கிறேன். வணக்கம்.