அடுத்தவர் வாங்கிய சிரிப்பில் மகிழ்ந்தவர்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

1984 மே 27, ஞாயிற்றுக்கிழமை இரவு. இங்கிலாந்தின் டியூக்ஸ்பரி என்ற சிற்றூரில் ரோஸஸ் என்றொரு சின்ன அரங்கம். மேடையில் பிரிட்டனின் நகைச்சுவைக் கலைஞர் எரிக் மோர்கம் தன் வாழ்க்கைக் கதையை நண்பரிடம் பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார். நிகழ்ச்சி முடிகிறது, மக்கள் விடுவதாக இல்லை. ஆறு முறை மேடைக்குத் திரும்பி வந்து வணங்குகிறார். ஆறாவது முறை திரைக்குப் பின்னால் போனவர் அங்கேயே சரிந்து விழுந்தார். பொழுது விடிவதற்குள் செல்டனம் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 58.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் பிரிட்டனில் அவர் பெயரைச் சொன்னால், கேட்பவர் முகம் மலர்கிறது. ஏன் என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்தேன்.

லங்காஷயரின் மோர்கம் என்ற கடற்கரை ஊரில் 1926இல் பிறந்தவர். இயற்பெயர் ஜான் எரிக் பார்த்தலோமியூ. பிறந்த ஊரின் பெயரையே மேடைப் பெயராகச் சூட்டிக்கொண்டார். தந்தை நகராட்சித் தொழிலாளி. பையனைக் கலைஞனாக்கிய கை தாய் சேடியுடையது. சிறுவர்கள் நடிக்கும் ஒரு நாடகக் குழுவில் எரிக்கும், லீட்ஸ் பக்கத்துப் பையன் எர்னி வைஸும் நண்பர்களானார்கள். இருவரும் ஓயாமல் அரட்டையடிப்பதைப் பார்த்த சேடி, "இதையே மேடையில் செய்யுங்களேன்" என்று தூண்டிவிட்டார். 1941இல் தொடங்கிய அந்த ஜோடி, எரிக்கின் சாவுவரை பிரியவில்லை. 43 ஆண்டுகள்!

தொடக்கம் இனிக்கவில்லை. 1954இல் பிபிசி அவர்களுக்குத் தந்த முதல் தொடர் படுதோல்வி. தொலைக்காட்சிப் பெட்டி என்பது இந்த இருவரையும் புதைத்த பெட்டி என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்தத் துண்டை வெட்டி எரிக் தன் பர்சில் வைத்துக்கொண்டார். புகழின் உச்சியிலும் அது அவரிடம் இருந்தது. பிறகு அவர்கள் நடத்திய ஒத்திகைகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அந்தத் துண்டுதான் நினைவுக்கு வரும். திரையில் அப்போதுதான் தோன்றியதுபோல் தெரியும் ஒவ்வொரு அசைவும் வாரக்கணக்கில் பழகியது.

1968இல் முதல் மாரடைப்பு. நள்ளிரவில் தனியாகக் கார் ஓட்டி வந்தவர், முடியாமல் நிறுத்தி, தெருவில் போன ஒருவரிடம் உதவி கேட்டார். ராணுவ டாங்கி மட்டுமே ஓட்டிப் பழகிய அந்த மனிதர் காரை எப்படியோ மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தாராம். உள்ளே தூக்கிச் செல்லும் நேரத்தில் ஒரு கையெழுத்தும் கேட்டாராம்! இதை எரிக் பின்னாளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். மரணத்தின் வாசலில் நின்ற கதையிலும், உதவியவரை அவர் இளப்பமாகப் பேசியதில்லை.

அதன் பிறகு இந்த ஜோடிக்கு வசனம் எழுத வந்தவர் லிவர்பூல்காரர் எடி பிராபன். அவர் கண்டுபிடித்தது ஒன்றுதான், ஆனால் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. இருவர் நகைச்சுவையில் ஒருவர் முட்டாள், மற்றவர் அவரைத் திட்டுபவர் என்பது பழைய வழக்கம். பிராபன் அவர்களை நேரில் பார்த்தார். இவர்கள் ஒருவரையொருவர் உண்மையாகவே நேசிக்கிறார்களே, அதையே எழுதலாமே என்று எண்ணினார். எர்னி தன்னைப் பெரிய நாடகாசிரியராக நினைத்துக்கொள்பவர் ஆனார். எரிக் அவரை நாள் முழுக்கக் கேலி செய்வார், வேறு யாராவது கேலி செய்தால் மட்டும் பொறுக்கமாட்டார். நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர்போல எர்னியை நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இரட்டை நாயனம். ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும்.

அவர்களுடைய 1971 கிறிஸ்துமஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வருகிறேன். லண்டன் சிம்பனி இசைக்குழுவின் நடத்துநர் ஆந்த்ரே பிரெவின் விருந்தினர். நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் பியானோ கன்செர்டோவை, அதாவது இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் பியானோ இசைப்படைப்பை, எரிக் வாசிக்கப் போகிறார். பிரெவினுக்கு ஒத்திகைக்குக் கிடைத்தது சொற்ப நேரம். வசனத்தை விமான நிலையத்திலிருந்து வரும் காரில் டார்ச் வெளிச்சத்தில் மனப்பாடம் செய்தார். எரிக்குக்கு உள்ளூர நடுக்கம்.

இசைக்குழுவை நடத்தும் சிறு கோலை எடுத்து வருகிறேன் என்கிறார் பிரெவின். சரி, எடுத்து வாருங்கள் என்கிறார்கள். ஒரு நொடி நிறுத்தி, முகத்தில் சலனமே இல்லாமல், "அது சிகாகோவில் இருக்கிறது" என்கிறார். அரங்கம் வெடிக்கிறது. அப்போது நீங்கள் எரிக்கின் முகத்தைப் பார்க்க வேண்டும். கவலை கலைந்து, குழந்தைபோல் பூரித்துப் போகிறார். "ஆள் தேறிவிட்டார், எனக்குப் பிடித்துவிட்டது" என்று கையை ஓங்கிக் கொண்டாடுகிறார். தன் மேடையில் இன்னொருவர் சிரிப்பை அள்ளிக்கொண்டு போகிறார், அதில் அவருக்கு அத்தனை ஆனந்தம்!

அதற்குப் பிறகுதான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அந்தக் கட்டம். வாசிப்பு தாறுமாறாகப் போக, பிரெவின் குறை சொல்கிறார். எரிக் எழுந்து அவர் கோட்டைப் பிடிக்கிறார். சுரமெல்லாம் சரியான சுரம்தான், வரிசை மட்டும்தான் முன்னே பின்னே என்கிறார். இந்த வசனம் எழுந்து நிற்பதே எதிரில் பிரெவின் சிரிக்காமல் நிற்பதால்தான். இடம் விட்டுக் கொடுக்கத் தெரிந்தவரிடம்தான் பெரிய கலைஞர்கள் இப்படி வந்து நிற்பார்கள். பல ஆண்டுகள் கழித்தும் லண்டன் டாக்சிக்காரர்கள் பிரெவினை, எரிக் வேண்டுமென்றே தப்பாகக் கூப்பிட்டபடியே, 'மிஸ்டர் ப்ரிவியூ' என்று அழைத்தார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர் பிரெவினே.

1977 கிறிஸ்துமஸ் இரவில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் எரிக்-எர்னி நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். செய்தி வாசிப்பவர்கள் ஆடிப் பாடினார்கள், அவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது.

மோர்கம் கடற்கரையில் இன்று அவருக்கு வெண்கலச் சிலை உண்டு. ஒரு காலைத் தூக்கி, பறவைகளைப் பார்க்கும் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டி, ஆடும் நிலையில். அதன் படிகளில் அவரோடு நடித்த விருந்தினர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். 1999 ஜூலையில் எலிசபெத் ராணி அதைத் திறந்து வைத்தார். எர்னி அதற்கு நான்கு மாதம் முன்பு, மார்ச்சில் காலமாகிவிட்டார். அங்கே போகிறவர்கள் சிலையின் பக்கத்தில் நின்று, அதேபோல் ஒரு காலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எர்னி நிற்க வேண்டிய இடத்தில்.

நன்றி, வணக்கம்.