கறிவேப்பிலை பறிக்க வந்தவர்கள்

வணக்கம் நேயர்களே. அக்கம்பக்கத்தார் சேர்ந்து தோட்டம் போடும் 'கம்யூனிட்டி இன் புளூம்' திட்டத்தைத் தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கியது. மேஃபேர் பார்க் குடியிருப்பில் முளைத்த அந்த முயற்சி இன்று சிங்கப்பூர் முழுக்க 2,000 தோட்டங்களுக்கு மேல் பரவியிருக்கிறது. தோட்டம் இருக்கிறது, சரி. அங்கே பறவை பார்க்கவும் வண்ணத்துப்பூச்சி எண்ணவும் வருவது யார்?

இயற்கையில் ஆர்வம் உள்ளவர்கள் என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆர்வம் பெரும்பாலும் வந்த பிறகுதான் பிறக்கிறது. மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரர் "ஞாயிற்றுக்கிழமை கீழே வாங்களேன்" என்று கூப்பிட்டால் போகிறோம். அதே செய்தி அறிவிப்புப் பலகையில் இருந்தால் பார்த்துக்கொண்டே நடந்துவிடுகிறோம்.

நம் வீட்டுப் பெரியவர்களை இழுப்பது கறிவேப்பிலை. குழம்புக்கு நாலு இணுக்கு பறிக்க வருவார்கள். இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருக்கும். தட்டிவிடப் போனால் அசையும்! எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எலுமிச்சை, கறிவேப்பிலை வகைச் செடிகளைத் தின்றுதான் வளரும். கொஞ்சம் பெரிதானதும் பச்சை நிறமாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டும், கூடவே ஒரு நெடி. பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடியுமா? அப்புறம், செடிக்கு மருந்து அடிப்பதா, புழுவை விட்டுவைப்பதா என்று ஒரு வாக்குவாதம் கிளம்பும். எந்தச் சொற்பொழிவும் அந்த வாக்குவாதம் செய்யும் வேலையைச் செய்யாது, என்னுடைய இந்த உரையும் சேர்த்துத்தான்.

வர விடாமல் தடுப்பது எது? முதலில் தோட்டத்துக் கதவில் தொங்கும் பூட்டு. காய் திருடு போகிறது என்ற குறை நியாயமானதுதான். பார்த்துப் பார்த்து வளர்த்த பப்பாளி காலையில் காணாமல் போனால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் சாவி ஒருவரிடமே இருந்தால், மற்றவர்கள் கண்ணுக்கு அது அவருடைய தோட்டம். 2016இல் ஹோர்ட்பார்க் என்ற தோட்டக்கலைப் பூங்காவில் தொடங்கிய வாடகைப் பாத்தி முறை வேறு வகை. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், முழுக்க உங்கள் பொறுப்பு. பாத்தி கிடைத்தவர் தவறாமல் வருவார். அவர் கவனம் தன் கத்தரிக்காயோடு நின்றுவிடவும் கூடும்.

அடுத்தது நேரம். வார நாள் காலை ஒன்பது மணிக்கு நிகழ்ச்சி வைத்துவிட்டு, இளையவர்கள் வரவில்லையே என்று குறைப்படுகிறோம். அவர்கள் வேலைக்குப் போகும் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டிருப்பார்கள். தோட்டக் குழுவில் இருப்பவர்கள் ஒருமுறை மாலை ஆறரைக்கு வைத்துப் பாருங்கள். வெயில் தணிந்திருக்கும், மைனாக்கள் மரத்தில் அடைய வரும் நேரம். அவை போடும் கூச்சலுக்கே பாதிப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். நன்றி, வணக்கம்.