இணையம் நின்றாலும் ஆயா வீட்டு விளக்கு எரிய வேண்டும்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில், என் ஆயாவின், அதாவது பாட்டியின், வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு உங்களிடம் பேசுகிறேன். இந்த வீட்டின் விளக்குகளைக் கைபேசியில் இயங்கும்படி முதலில் மாற்றியவன் நான்தான். அப்போது சுவர் சுவிட்சைத் தொடவே வேண்டாம் என்று ஆயாவிடம் சொன்னது என் பெரிய பிழை. ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில் அவர் சுவிட்சை அணைப்பார். பல்புக்கு மின்சாரமே போகாது. பிறகு கைபேசியில் எத்தனை முறை அழுத்தினாலும் இருட்டுதான்.

ஆகவே இப்போது ஸ்மார்ட் பல்புகளைக் கழற்றிவிட்டு, சுவிட்சுக்குப் பின்னால் ரிலே எனப்படும், கைபேசியாலும் இயக்கக்கூடிய சிறிய மின் சுவிட்சுகளைப் பொருத்தியிருக்கிறேன். சுவிட்சும் வேலை செய்யும், கைபேசியும் வேலை செய்யும். பல ரிலேக்களுக்குத் தேவைப்படும் நியூட்ரல் கம்பி (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) பழைய வீடுகளின் சுவிட்சுப் பெட்டியில் பெரும்பாலும் இருக்காது என்பதால், வாங்குவதற்கு முன் எலெக்ட்ரீசியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, கைபேசியில் நாம் கொடுக்கும் கட்டளை எங்கே போகிறது என்பது. மலிவான பல கருவிகளில் அது வெளிநாட்டு சர்வருக்குப் போய்த் திரும்புகிறது; இணையம் நின்றால் பக்கத்து அறை விளக்கும் நின்றுவிடும். ஜிக்பீ என்ற கம்பியில்லா முறையில் கருவிகளை இணைக்கும் ஹப் (மையப் பெட்டி) வைத்து, அது வீட்டுக்குள்ளேயே முடிவெடுக்கும்படி அமைத்தால் அந்தக் கவலை இல்லை. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் சேர்ந்து இயங்குவதற்காக 2022-இல் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரமும் இப்படி வீட்டுக்குள்ளேயே இயங்குவதற்காக வடிவமைக்கப்பட்டதுதான்.

லோட் ஷெடிங் எனப்படும் திட்டமிட்ட மின்வெட்டின்போது ரவுட்டர் நிற்காமல் இருக்க மினி யுபிஎஸ் (சிறிய பேட்டரிப் பெட்டி) வாங்குகிறவர்கள், அதன் மேல் அச்சிட்ட 8800 மில்லி ஆம்பியர்-மணி என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பேட்டரியின் கணக்கு. 8800 மில்லி என்பது 8.8 ஆம்பியர்-மணி; அதை 3.7-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 32 வாட்-மணிதான் கிடைக்கும். ரவுட்டரும், இணையம் வந்து சேரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். நான்கு மணி நேர வெட்டுக்குப் போதாது.

கீசரைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கிறது. 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கை அதில் மாட்டினால் அது சூடாகி உருகிப் போகலாம், தீயும் பிடிக்கலாம். தகுதி பெற்ற எலெக்ட்ரீசியன் மின்பலகையில் பொருத்தும் டைமரும் கான்டாக்டரும் (அதிக மின்சாரத்தைத் தாங்கும் சுவிட்ச்) தான் அதற்கு உரியவை.

நேற்று இரவு வேண்டுமென்றே ஃபைபர் கம்பியைப் பிடுங்கி வைத்துப் பார்த்தேன். ஆயா எழுந்து, வழக்கம்போல் சுவரைத் தடவி விளக்கைப் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனார்.