காத்திருக்காத காட்சிகளை வரைவது எப்படி?

[திரையில்: வெற்றுத் தாள், அருகே ஒரு பென்சில்]

வணக்கம். எதை வரைவது என்றே தெரியவில்லை என்று சொல்லும் ஓவியர்களுக்கு நான் மூன்று இடங்களைக் கைகாட்டுவேன்: பருவங்கள், பண்டிகைகள், இசை மேடை. இந்த மூன்றும் நமக்காகக் காத்திருப்பதில்லை. அதனாலேயே கண்ணையும் கையையும் நன்றாக வேலை வாங்குகின்றன.

முதலில் பருவங்கள். மழைக்காலம் என்றதும் குடை, குளிர்காலம் என்றதும் பனித்துகள் என்று கை தானாக ஓடிவிடும். அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு இந்தப் படத்தைப் பாருங்கள்.

[திரையில்: ப்ரூகலின் ஓவியம், வேட்டைக்காரர்களின் முதுகு நெருக்கத்தில்]

பீட்டர் ப்ரூகல் 1565இல் ஆண்டின் பருவங்களை ஒரு வரிசையாகத் தீட்டினார். 'பனியில் வேட்டைக்காரர்கள்' அதில் குளிர்காலத்துக்கு உரியது. தரையெல்லாம் பனி, ஆனால் வானத்திலிருந்து ஒரு துகள்கூட விழவில்லை. மூன்று பேர் நமக்கு முதுகு காட்டி, தலை குனிந்து நடக்கிறார்கள். வேட்டையில் சிக்கியது ஒரே ஒரு நரி. நாய்களும் சோர்ந்துபோய்ப் பின்தொடர்கின்றன. வானத்துக்கும் உறைந்த குளத்துக்கும் ஒரே சாம்பல் பச்சை. அந்த நிறமும் கூனிய முதுகுகளுமே நமக்குக் குளிரை ஏற்றிவிடுகின்றன.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. சன்னல் வழியே தெரியும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை, அதே நேரத்தில் வரையுங்கள். இலையைவிட முதலில் நிழலைக் குறித்துக்கொள்ளுங்கள். சூரியன் தாழ்ந்து செல்லும் மாதங்களில் நிழல் எவ்வளவு நீள்கிறது என்பது தாளில்தான் உறைக்கும்.

அடுத்து பண்டிகை. இதில் நான் விரும்புவது முந்தைய நாள் மாலையை. அலங்காரம் தொங்கவிட நாற்காலிமேல் எக்கி நிற்பவரின் குதிகால், பொட்டலம் கட்டும் விரல்கள். விழா முடிந்த பிறகு பெரியவர் தோளில் உறங்கும் குழந்தையையும் விடாதீர்கள். 1843இல் ஜான் ஹார்ஸ்லி வரைந்ததே விற்பனைக்கு அச்சான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்று கருதப்படுகிறது. நடுவில் விருந்துண்ணும் குடும்பம், இருபுறமும் ஏழைகளுக்கு உணவும் உடையும் தருபவர்கள். மனிதர்களின் செயல்தான் அங்கே பண்டிகை.

[திரையில்: வயலின் வில், மணிக்கட்டு]

இனி இசை மேடை. என் மனம் அதிகம் ஓடுவது இங்கேதான். "ஆள் அசைந்துகொண்டே இருக்கிறாரே, எப்படி வரைவது?" என்று பலரும் பதறுவார்கள். அசையட்டும். போன அசைவு மறுபடியும் வரும். வயலின் கலைஞரைக் கவனியுங்கள். வில்லின் பிடிப்பகுதி தந்தியை நெருங்கும்போது முழங்கை மடங்கி, மணிக்கட்டு மேலெழுகிறது. நுனி வரும்போது கை முழுவதுமாக நீள்கிறது. ஒரே தாளில் இரண்டு உருவங்களைத் தொடங்குங்கள். கை மடங்கும்போது முதல் உருவத்தில் ஒரு கோடு, நீளும்போது இரண்டாவதில் ஒரு கோடு. பாட்டு முடிவதற்குள் இரண்டும் உருவாகிவிடும். முகம் கடைசியில் வந்தால் போதும்.

அரங்கு இருட்டாக இருக்கும். மென்மையான, தடித்த பென்சில் எடுத்துச் செல்லுங்கள். அழிப்பான் வேண்டாம். செல்பேசி வெளிச்சமும் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் கேட்க வந்திருக்கிறார்.

[திரையில்: லோத்ரெக்கின் சுவரொட்டி]

எங்கிருந்து பார்க்கிறோம் என்பதையும் படத்தில் விட்டுவையுங்கள். பாரிஸ் நடனக் கலைஞர் ஜேன் அவ்ரிலுக்காக 1893இல் துலூஸ் லோத்ரெக் வரைந்த சுவரொட்டியில், அவர் மேடையில் சற்றுத் தள்ளி ஆடுகிறார். நமக்கு மிக அருகே, பெரிதாகத் தெரிவது டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் கழுத்தும் அதைப் பற்றிய கையும். அந்தக் கழுத்தே நீண்டு படத்தின் சட்டமாகிவிடுகிறது. மறைக்கிறதே என்று லோத்ரெக் அதை ஒதுக்கவில்லை. அதனால் நாமும் வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறோம். எனக்கு மிகப் பிடித்த துணிச்சல் அது.

தொழிலாக வரைபவர்களுக்கு ஒரு செய்தி. பண்டிகை இதழுக்கான படங்களைப் பல மாதங்களுக்கு முன்பே கேட்பார்கள். கொளுத்தும் வெயிலில் பனிக்காலத்தை வரைய வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தேதி, நேரம், வெளிச்சம் வந்த திசை மூன்றையும் எழுதிவையுங்கள். வண்ணம் பூச நேரமில்லையென்றால் நிறத்தின் பெயரையாவது எழுதுங்கள்.