முதலாண்டு மாணவரின் முதல் பத்தி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி அளித்துவரும் ஆசிரியர் என்ற முறையில், அந்த ஓராண்டுக்குள் ஒருவருடைய எழுத்தும் சிந்தனையும் எவ்வாறு முதிர முடியும் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்து வருகிற பிள்ளைகளுக்கு எழுதவே தெரியவில்லை என்று பலரும் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று மணி நேரத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், பக்கம் பக்கமாக எழுதும் பயிற்சி அவர்களுக்கு நிறையவே உண்டு. ஆனால் விடைக்குறிப்பில் உள்ள சொற்கள் தாளில் இருந்தால் மதிப்பெண் கிடைக்கும் என்ற ஏற்பாட்டில் வளர்ந்தவர்கள், விடை ஏற்கெனவே எங்கோ முடிவாகிவிட்டது, அதைப் பிசகாமல் திருப்பித் தருவதுதான் எழுத்து என்று நம்புவது இயல்பு. தாம் என்ன நினைக்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவும் எழுதலாம் என்பது மட்டும் அவர்களுக்கு அறிமுகமாகாமல் இருக்கிறது.

ஒரு பத்தியை எடுத்துக்கொள்கிறேன். புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள கோட்டக்குப்பம் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் கடல் அரிப்பைப் பற்றி எழுதினார். 'கடல் அரிப்பு என்பது இன்று உலகை அச்சுறுத்தும் முக்கியப் பிரச்சினைகளுள் ஒன்றாகும்' என்பது அதன் முதல் வரி. இலக்கணப்படி அதில் பிழை இல்லை. ஆனால் 'கடல் அரிப்பு' என்பதை எடுத்துவிட்டு 'பிளாஸ்டிக்' என்றோ 'போதைப் பழக்கம்' என்றோ போட்டுப் படிக்கச் சொன்னேன்; வரி அப்படியே நின்றது. எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற வரி எந்தப் பொருளையும் சொல்வதில்லை என்பது அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

புவி வெப்பமடைந்து கடல்மட்டம் உயர்வதே அரிப்புக்குக் காரணம் என்று அவர் எழுதியிருந்தார். வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். துறைமுகத்துக்குக் கல் போட்ட பிறகுதான் கரை போயிற்று என்று தாத்தா சொல்வதாகவும், அது கட்டுரைக்கு ஆகாது என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். படித்த கருத்து ஒன்று, கேட்ட கருத்து மற்றொன்று. இரண்டில் எது சரி என்று எப்படித் துணிவது?

இதற்கு வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூல் செய்வோர் கொள்ளத்தக்க மதம், அதாவது கருத்தை அணுகும் நிலை, ஏழு என்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பின்பு களைவது, தன் கருத்தைத் தானே நாட்டி நிறுவுவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றம் காட்டுவது, பிறரோடு சேராமல் தன் கருத்தைக் கொள்வது என அந்த வரிசை செல்கிறது. மாணவர்கள் இதை நெட்டுருச் செய்து தேர்வில் எழுதியிருப்பார்கள். அந்த ஏழில் ஒன்றையாவது தம் கட்டுரையில் செய்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

மாணவிக்கு நான் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். கடல்மட்டம் உயர்வது மட்டுமே காரணம் என்றால் துறைமுகத்தின் இரு பக்கமும் கரை குறைய வேண்டும். போய்ப் பார்த்து வா என்றேன். பார்த்து வந்தார். தெற்கே மணல் சேர்ந்திருக்கிறது. வடக்கே கரை அரிக்கப்பட்டுக் கருங்கற்கள் கிடக்கின்றன. நம் கரையோரமாக மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது என்பதையும், 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன என்பதையும் நூலகத்தில் தேடிப் படித்தார். தாத்தா சொன்னதற்கு இப்போது சான்று கிடைத்தது. கடல்மட்ட உயர்வை அவர் தூக்கி எறிந்துவிடவில்லை. 'இவ்வளவு வேகமான அரிப்புக்கு அது மட்டும் காரணமாகாது' என்று அளந்து எழுதினார். அந்த 'மட்டும்' என்ற சொல்லை அவர் தாமாகவே சேர்த்ததைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

இது ஒரே முறை எழுதியதில் வந்துவிடவில்லை. மூன்று முறை எழுதினார். அறுபது பேர் உள்ள வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. பத்துப் பக்க அசைன்மெண்டைக் கேட்டால் நடக்காது. இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலிருந்தோ அது இறங்கி வந்துவிடும். ஒரு பக்கத்துக்கு மிகாத பத்தியைக் கேட்டு, முதல் முறைக்கு மதிப்பெண் போடாமல் ஓரத்தில் இரண்டு கேள்விகளை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்து, திருத்தி எழுதியதற்கு அக மதிப்பீட்டில் மதிப்பெண் கொடுத்தால் நடக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலக் கட்டுரையானாலும் முதல் வரைவைத் தமிழிலேயே எழுதட்டும். தெரியாத மொழியில் சொல்லைத் தேடுவதிலேயே கவனம் போய்விட்டால், யோசிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

அந்த மாணவியின் மூன்றாவது வரைவு, 'எங்கள் தாத்தா வலை உலர்த்திய இடத்தில் இப்போது அலை அடிக்கிறது' என்று தொடங்கியது. 'எங்கள் கரையைக் காக்கக் கல் கொட்டினால், எங்களுக்கு வடக்கே இருக்கும் ஊரின் கரை என்ன ஆகும்?' என்ற கேள்வியோடு முடிந்திருந்தது. அடுத்த வாரம் வகுப்பு முழுவதற்கும் அந்தக் கேள்வியையே பத்தி எழுதக் கொடுத்தேன்.

நன்றி, வணக்கம்.